செப்டம்பர் பதினைந்து வரை தாங்க வேண்டிய பல்

ஓடெட் லாபுக்கன் முதன்முதலாக என் நாற்காலியில் வந்து சாய்ந்தபோது அவர் கையில் ஒரு படிவமும் ஒரு பேனாவும் இருந்தன. பேனாவின் மூடியை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தார்.

"வாயெல்லாம் அப்புறம் பாக்கலாம் டாக்டரே. முதல்ல இந்தா, கீழ ஒரு கையெழுத்தப் போடு. பல்லு நல்லா இருக்குன்னு. உனக்கு முன்னாடி இருந்தவரு வாசல்ல நின்னே போட்டுக் குடுத்துருவாரு."

ஏப்ரல் கடைசி வாரம் அது. ரோட்டோரப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. வருகிறவர்களின் காலணிச் சேற்றைத் துடைத்துத் துடைத்து ஜோலீன் சலித்துப்போயிருந்தார். எனக்கு முன்னால் இருந்த டாக்டரிடம் பத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்த பெண்மணி ஜோலீன். டாக்டர் ஓய்வுபெற்றுத் தெற்கே போனபோது கிளினிக்கோடு அவரும் எனக்குக் கைமாறினார். சேறு, நோயாளி, புது டாக்டர் மூன்றையும் அவர் ஒரே முகத்தோடுதான் பார்ப்பார்.

படிப்பை முடித்து, காட்டோர ஊரான ஸ்வான் ஃபோர்க்ஸுக்கு வந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில், ஒரு தானியக் கிடங்கும் ஒரு தேவாலயமும் இருபத்தாறு வீடுகளும் உள்ள ஊர்தான் நான் பிறந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் பட்டத்துக்கு அப்பா, இடிந்த மாட்டுக்கொட்டகையின் பலகையைச் சீவிச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். நாற்காலியில் சாய்ந்தால் நேர் எதிரே தெரிகிற இடத்தில் அதை மாட்டியிருந்தேன்.

ஓடெட் அதைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"ஓலெக்சினா? மரலாரி ஓட்டுற ஓலெக்சின் மகனா நீ?"

"ஆமா. மார்கோ."

"உங்கப்பன் என் மலைக்குக் கீழ இருக்குற ரோட்டுல தூசியக் கிளப்பிக்கிட்டுப் போவான். புகைன்னு நெனச்சு ரெண்டு தடவ ரேடியோவக் கையில எடுத்திருக்கேன். போய்ச் சொல்லு அவன்ட்ட."

அப்போதுதான் ஆள் யாரென்று எனக்குப் பிடிபட்டது. பேர்பேக் மலையின் தீக்காவல் கோபுரத்துக்காரி. எங்கள் வடக்கத்திக் காடு முழுக்க ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றாக அந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. மே மாதம் ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் பொதுவாகச் செப்டம்பரில்தான் அழைத்து வருவார்கள். போகும் முன் உடம்பும் பல்லும் சரி என்று டாக்டர் கையெழுத்து வேண்டும்; அதற்குத்தான் அந்தப் படிவம். நடுவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாமானும் கடிதமும் வரும், ஆள் வருவதில்லை. கீழே ஒரு சின்னக் குடிசை, முப்பது மீட்டர் ஏணி, உச்சியில் கண்ணாடிக் கூண்டு. பகல் முழுக்க அதில் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஓடெட்டுக்கு அப்போது அறுபத்தொரு வயது. இருபத்து மூன்று கோடை அங்கே இருந்துவிட்டார். துணைக்கு ஒரு நாய்தான். குளிர்காலத்தில் தங்கையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரெய்லரில் கிடப்பார். அதை அவர் வீடு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "தங்கச்சி முற்றம்" என்பார்.

நான் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுத் திறந்தார். கீழே இடது பக்கம், கடைசிக்கு முந்தைய கடைவாய்ப் பல்லில் ஒரு பழைய வெள்ளி அடைப்பு. அதன் ஓரம் கறுத்திருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அடைப்புக்கு அடியில் சொத்தை நரம்பின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. இடையில் இருந்த பல் ஒரு தாள் கனம்கூட இருக்காது.

"இத நான் தோண்டினா நரம்பு வரைக்கும் போயிரும் போல இருக்கு. ரூட் கேனல் பண்ணி மேல கேப் போட்டுட்டா நிம்மதி. மூணு தடவ வரணும். ஒரு மாசம் பிடிக்கும்."

"திங்கக்கிழமை ஹெலிகாப்டர்," என்றார் ஓடெட்.

"ஒரு மாசம் தள்ளிப் போனா என்ன?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முந்தைய ஆண்டு ஜூலையில் பித்தப்பைக் கல்லுக்காக அவரை நடுவில் இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். தீ நிலையத்தின் மேலாளர் டார்வின் பெக் அன்றைக்கே சொல்லிவிட்டாராம்: இன்னொரு தடவை உடம்பு காரணமாக நடுவில் இறங்கினால் அப்புறம் மேலே ஏற்ற மாட்டோம், நிலையத்தில் ஒரு மேசை தருகிறோம் என்று.

"மேசை!" என்றார் ஓடெட். "எனக்கு மனுசங்களோட மல்லுக்கட்ட ஆகாதுப்பா. சின்ன வயசுலயே ஆகல, இனிமேயா ஆகப் போவுது? அங்க மேல இருந்தா நான் ஒரு ஆளு. கீழ வந்தா தங்கச்சி முற்றத்துல கிடக்குற கெழவி. அவ்ளோதான்."

சோர்ந்துபோன குரல்தான். ஆனால் அழுத்தம் இருந்தது.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது உண்மை. அதைவிட, ஆழமான சொத்தையிலும் நரம்பைக் காப்பாற்றுகிற முறையைக் கல்லூரியில் நன்றாகச் செய்து பேர் வாங்கியவன் நான் என்கிற நினைப்பும் வந்தது. நரம்புக்குப் பக்கத்தில் உள்ள கடைசிச் சொத்தை அடுக்கைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதன்மேல் மருந்து வைத்து, காற்றுப் புகாமல் அடைத்துவிட வேண்டும். பல்லே உள்ளிருந்து ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். அப்படித்தான் செய்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. நன்றாகவே செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மரத்துப்போன வாயோடு ஓடெட் கேட்டார்.

"எத்தன நாளு தாங்கும்?"

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். பாடத்தில் படித்த பதிலைச் சொன்னேன். "பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்கு நல்லா தாங்குது. பத்து வருசம், இருபது வருசம் ஓட்டுறவங்க இருக்காங்க. சிலருக்கு மூணு மாசத்துல நரம்பு செத்து ரூட் கேனலுக்கு வந்துரும். முதல் வருசத்தத் தாண்டிட்டா பெரும்பாலும் தப்பிச்சுரும்."

"எனக்குப் பத்து வருசம் வேணாம். செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் தாங்குமா தாங்காதா?"

'சொல்ல முடியாது' என்பதுதான் சரியான பதில். அந்த இரண்டு வார்த்தையை நானும் படித்துத்தான் இருந்தேன்.

"தாங்கும்," என்றேன்.

ஜோலீன் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நிறுத்தி, மறுபடி அடுக்கினார். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஓடெட் தன் பேனாவை வாங்கி மூடிக்கொண்டார்.

வாரம் ஒருமுறை போன் செய்யச் சொல்லியிருந்தேன். கோபுரத்து உச்சியில் வடகிழக்குக் கண்ணாடியோரம் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். வியாழக்கிழமை ஒரு மணிக்கு வானிலையை ரேடியோவில் சொல்லி முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். நான் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"குளிர்ந்த தண்ணி பட்டா வலிக்குதா?"

"வலிக்குது."

"தண்ணிய முழுங்கின பிறகு எத்தன செகண்டு நிக்குது? அதுதான் முக்கியம். சட்டுனு போயிட்டா நரம்பு உயிரோட இருக்கு, ஆறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நின்னு நின்னு வலிச்சா ஆகாது."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி எண்ணித் தூரம் கணக்கிடுகிறவர்களுக்கு நொடி எண்ணச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அடுத்த வாரத்திலிருந்து வானிலை போலவே சொல்ல ஆரம்பித்தார்.

"காத்து தென்மேற்கு, பதினஞ்சு. பார்வ நாப்பது கிலோமீட்டரு. குளிர்ந்த தண்ணி எட்டு செகண்டு. சூடு ஒண்ணும் இல்ல. நாய் நல்லா இருக்கு."

எட்டு ஆறாயிற்று. ஜூன் முதல் வாரம் நான்கு. நான் சாப்பாட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்வேன். ஜோலீனிடம் காட்டினால், "ம்," என்பார். அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் ஒரு வியாழக்கிழமை அவருக்குப் பல்லைப் பற்றிப் பேச நேரமே இல்லை. ஆற்றுக்கு வடக்கே சதுப்புக்காட்டில் இடி விழுந்து பற்றிய தீயை அவர்தான் கண்டு சொல்லியிருந்தார். ஆட்கள் போய் இரண்டு நாளில் அடக்கிவிட்டார்கள். மேலே புகையே இல்லையாம். ஆனாலும் இவர் தன் பட்டியலிலிருந்து அதை அடிக்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"அதான் புகை இல்லையே. அடிச்சுட வேண்டியதுதான?" என்றேன்.

"நீ பட்டணத்துல போய்ப் படிச்சவன்ல, அதான் இப்படிப் பேசுற. புகை போனா தீ போச்சா? அங்க மண்ணே எரியும் பயலே. மேல பாசி பச்சையா இருக்கும், அடியில கனிஞ்சுக்கிட்டே கெடக்கும். பனிக்காலம் பூரா கெடந்துட்டு அடுத்த வசந்தத்துல எழுந்திருச்சதையெல்லாம் நான் பாத்திருக்கேன். அணைக்கப் போன ஆளுங்களுக்குத் தலைவன் எவன் இருக்கானோ அவன் கையுறையக் கழட்டிட்டு, வெறுங்கைய சாம்பலுக்குள்ள விட்டு, 'குளிர்ந்து போச்சு ஓடெட்'னு சொல்லணும். அப்பத்தான் அடிப்பேன்."

"நான் ஒண்ணும் பட்டணத்தான் இல்ல."

"கோவிச்சுக்காத. உங்கப்பனுக்குக்கூடத் தெரியும்னு சொல்ல வந்தேன்."

ஜூலையில் மழை நின்றுபோயிற்று. காடு காய்ந்தது. ஊரிலேயே சாயங்கால வெயில் செம்பு நிறமாக இருந்தது, எங்கோ தொலைவில் எரிகிற புகையினால். ஓடெட் காலை ஏழு மணிக்கு ஏணி ஏறினால் இருட்டுகிற வரைக்கும் இறங்குவதில்லை. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் இருட்டுவது எப்போது? பதினொரு மணிக்கு.

"குளிர்ந்த தண்ணி பன்னெண்டு செகண்டு," என்றார் ஒரு வாரம். அடுத்த வாரம், "முப்பது. அதுக்கு மேல எண்ணல. டீ குடிச்சா இப்பத் தெறிக்குது."

குளிருக்கு வலிப்பதோடு நிற்காமல் சூட்டுக்கும் வலித்து, அந்த வலி நின்று எரிந்தால் நரம்பு பிழைக்காது என்பது பாடம்.

"இறங்கி வாங்க ஓடெட். ஒரு நாள் வேல. நரம்ப எடுத்துட்டு அனுப்பிர்றேன்."

"இந்த வறட்சியிலயா? தீ ஆபத்துக் குறி உச்சத்துல நிக்குது. டார்வின் பதிலாளு தேடணும். பதிலாளு வந்தா நான் போனேன். தெரியாத மாதிரி கேக்குறியே."

"வலி மாத்திரையாவது கொஞ்சம் வேகமானதா எழுதித் தர்றேன். சாமானோட வரட்டும்."

"அதத் தின்னா தூக்கம் வரும். தூங்கிக்கிட்டே நான் எதக் காவல் காக்குறது? வேணாம். கிராம்பு வச்சிருக்கேன். வலது பக்கம் மெல்லுறேன். இன்னும் எட்டு வாரம்."

"நானே டார்வின்ட்ட பேசட்டுமா?"

"பேசு. அப்படி ஒரு பல்லே எனக்கு இல்லன்னு சொல்லிருவேன்."

சிரித்தார். சிரிப்பில் காற்றுதான் இருந்தது. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. பக்கத்துக் கோபுரத்து ஹார்வி என்கிற பெரியவர், ரேடியோவில் மதிய வானிலை சொல்லும்போது இவர் ஒரு எண்ணை இரண்டு தடவை தப்பாகச் சொன்னதைக் கேட்டு, "என்ன ஓடெட், குடிச்சிருக்கியா?" என்று கேலி செய்தாராம். அதையும் இவரே சொன்னார். "ஆமாய்யா, நீ அனுப்பினதத்தான்னு சொன்னேன்."

ஜூலை இருபத்தி மூன்றாம் தேதி வியாழக்கிழமை, போன் அடித்த மாத்திரத்தில் குரலே வேறாக இருந்தது.

"டாக்டரே! பூச்சியம்!"

"என்னது?"

"குளிர்ந்த தண்ணி பூச்சியம். சூடு பூச்சியம். நேத்து ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். காலையில காஞ்ச மான் இறைச்சிய அந்தப் பக்கமே வச்சுக் கடிச்சேன். உன் அடைப்பு பிடிச்சுக்கிச்சுப்பா!"

எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மார்பு நிறைந்து போயிற்று. "சந்தோஷம் ஓடெட். ரொம்ப சந்தோஷம். நான்தான் சொன்னேன்ல?" என்றேன். அவர், "சொன்ன, சொன்ன. படிச்ச படிப்பு வீண் போகல," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் வீட்டில் மூன்று பேர் பத்து வருடம் உழைத்திருக்கிறார்கள்.

போனை வைத்ததும் ஜோலீனிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆறியிருக்கும்," என்றார். குழாயை மூடினார். "இல்லாட்டி செத்திருக்கும்."

முந்தின வாரம் தெறித்த பல் இந்த வாரம் ஒன்றுமே சொல்லவில்லை என்றால், அது பெரும்பாலும் எதைக் குறிக்கும் என்று ஜோலீன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நரம்பு கத்துகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறது. கத்தி முடித்தபின் சாகிறது. பிறகு வேரின் நுனியில் சத்தமில்லாமல் சீழ் வைக்கிறது. தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். திரும்பப் போன் போட்டு, 'ஓடெட், இது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தாடை வீங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. அவருடைய தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. 'தாங்கும்' என்று சொன்ன வாய் வேறொன்றைச் சொல்லக் கூசியது என்பதுதான் மீதி.

அடுத்த நான்கு வியாழக்கிழமையும் பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

ஆகஸ்ட் இருபத்தைந்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்கு, வேறொருவர் வாயில் என் கை இருக்கும்போது ஜோலீன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்துப் பிடித்தார்.

"மார்கோ." டாக்டரே என்று சொல்லவில்லை. பேச்சு குழறியது. "தாடைக்குக் கீழ வீங்கியிருக்கு. முந்தாநாள் பட்டாணி அளவு. இன்னைக்கு முட்ட அளவு."

"வலி?"

"பல்லுல இல்ல. அது செவனேன்னு இருக்கு. தொண்டப் பக்கம் இழுக்குது. கேளு, நான் சொல்றதக் கேளு. ஞாயித்துக்கிழமை சாமான் ஹெலிகாப்டர் வருது. ஓட்ஸ் பைக்குள்ள மாத்திரைய வச்சுக் கட்டி அனுப்பிரு. தங்கச்சிட்டக் குடுத்தா அவ வச்சு அனுப்புவா. டார்வினுக்குத் தெரிய வேணாம். மூணே வாரம்தான் இருக்கு. மூணு வாரம்ப்பா."

"வாயத் திறங்க. ரெண்டு விரல நெடுக்கா வச்சுப் பல்லுக்கு நடுவுல விடுங்க. போகுதா?"

கண்ணாடிக் கூண்டின் மேல் காற்று அடிப்பது கேட்டது.

"ஒரு விரலு."

"உண்மையச் சொல்லுங்க."

"ஒரு விரலே பாதிதான் போவுது."

"தண்ணி முழுங்க முடியுதா?"

"ஞாயித்துக்கிழமை சாமான் வருதுன்னு சொன்னேன்ல, மாத்திரைய அனுப்பு," என்றார்.

கீழ்த்தாடைச் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஞாயிறு வரைக்கும் ஐந்து நாள். "ஓடெட், நான் டார்வினக் கூப்பிடப் போறேன்," என்றேன்.

"கூப்பிடாத."

"கூப்பிட்டுத்தான் ஆகணும்."

"மார்கோ, கெஞ்சிக் கேக்குறேன்..." அவர் யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை. ஜோலீன் போனை என் காதிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்து, "ஓடெட்டு, நாயப் பிடிச்சுக் கட்டு, துணிமணி எடுத்து வை," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

டார்வின் பெக் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நீளமாக மூச்சு விட்டார். "ரெண்டு வருசத்துல ரெண்டாவது தடவ. எனக்கு மட்டும் ஆசையாய்யா? அந்தம்மா கண்ணுல படாம அந்தப் பக்கம் ஒரு சுருட்டுகூடப் பத்த வைக்க முடியாது. சரி, ஹெலிகாப்டர் நாப்பது நிமிசத்துல கிளம்பும்." பிறகு கேட்டார்: "வசந்தத்துல கையெழுத்துப் போட்டது நீதான?"

"நான்தான்."

"ம்," என்றார், ஜோலீனைப் போலவே.

ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரி மைதானத்தில் இறங்கியது. ஓடெட்டின் ஒரு கையில் நாயின் கயிறு, இன்னொரு கையில் ஒரு பை. முகத்தின் இடப்பக்கம் தெரியாத ஒருவருடையது போல இருந்தது. நான் கதவருகே நின்றேன். என்னைத் தாண்டி உள்ளே போனார்.

இரண்டு நாள் கை நரம்பில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிந்து வாய் திறந்ததும், வெள்ளிக்கிழமை என் நாற்காலிக்கு வந்தார். வேறு பல் டாக்டரிடம் போக வேண்டுமானால் மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அதற்கு அவரிடம் தெம்பு இல்லை. அதனால்தான் என்னிடம் வந்தார் என்பதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை.

பனிக்கட்டி போலக் குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து, பத்து, இருபது நொடி. ஒன்றும் இல்லை. பக்கத்துப் பல்லில் வைத்ததும் சிலிர்த்தார். என் அடைப்பைத் துளைத்து உள்ளே போனேன். அடைப்பு அப்படியே இறுகி, ஓரம் பிசகாமல் இருந்தது. அதன் அடியில் நரம்பு இருந்த இடத்தில், நாற்றத்தோடு கறுப்பாகக் கொஞ்சம் ஈரம். சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக மூடினேன்.

கையுறையைக் கழற்றினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்பச் செத்துச்சு?"

"ஜூலையில. நீங்க பூச்சியம்னு சொன்ன வாரம்."

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

ஜோலீன் அறையை விட்டு வெளியே போனார்.

"சந்தேகம் இருந்துச்சு."

ஓடெட் ரொம்ப நேரம் எதிரே சுவரில் இருந்த பட்டத்தையே பார்த்தார். படிக்கவில்லை, சும்மா பார்த்தார். பேசும்போது குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் சக்தி வேண்டுமே.

"நானும்தான். புகை இல்லன்னதும் அடிச்சுட்டேன். இருபத்தி நாலு வருசத்துல ஒரு தீயக்கூட அப்படி அடிச்சதில்ல. என் வாய்க்குள்ள எரிஞ்சத அடிச்சுட்டேன்." பையை எடுத்துக்கொண்டார். "ஆனா எனக்கு அங்க கைவிட்டுப் பாக்க வழியில்ல மார்கோ. உனக்கு இருந்துச்சு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆகஸ்ட்டு முதல் வாரம் மூணு நாள் மழை பேஞ்சுச்சு பாரு, அப்ப இறங்கியிருப்பேன். மழையில யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. ஒரு நாள்ல முடிச்சுட்டுத் திரும்பியிருப்பேன்."

அதை நான் யோசித்ததே இல்லை. மழை நாளில் தீப்பிடிக்காது என்பதால், கோபுரக்காரர்களுக்குக் கீழே ரோட்டுக்கு நடந்து இறங்கி ஒரு நாள் ஊருக்கு வந்துபோக அனுமதி உண்டு. பதிலாள் வேண்டாம், பதிவும் கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற சங்கதி. எனக்கும் தெரியும்.

"மன்னிச்சிருங்க," என்றேன்.

"எப்ப வரணும் மறுபடி?"

"ரெண்டு, ரெண்டரை வாரம் கழிச்சு."

"செப்டம்பர் பதினஞ்சு செவ்வாக்கிழமை," என்று கணக்குப் போட்டுச் சொன்னார். "அன்னைக்கே வர்றேன். வேற வேல இல்லையே."

அன்றைக்கே வந்தார். வேரை அடைத்து முடித்தேன். அக்டோபரில் கேப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அப்பா அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் என் கிளினிக்குக்கு வந்தவர், சுவரைப் பார்த்து, "சட்டம் எங்கடா?" என்றார். வரவேற்பு அறைக்கு மாற்றியிருக்கிறேன் என்றேன். "அங்க வெளிச்சம் பத்தாதே," என்றார். இருக்கட்டும் என்றேன்.

இப்போதும் ஆழமான சொத்தையை அடைத்து முடித்ததும் ஆட்கள் கேட்கிறார்கள், எத்தனை நாள் தாங்கும் என்று. தெரியாது என்கிறேன். வலித்தால் சொல்லுங்கள், வலி திடீரென்று நின்றாலும் சொல்லுங்கள், வந்து ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்கிறேன். சிலருக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. பழைய டாக்டர் இப்படியெல்லாம் பயமுறுத்த மாட்டார் என்று ஜோலீனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஜோலீன் "ம்," என்கிறார்.

அதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஓடெட் லாபுக்கன் ஸ்வான் ஃபோர்க்ஸ் தீ நிலையத்தின் ரேடியோ அறையில், சன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்ட மேசையில் வேலை பார்க்கிறார். மதியம் ஒரு மணிக்குப் பதினொரு கோபுரங்களும் சொல்கிற வானிலையை எழுதிக்கொள்கிறார். பேர்பேக் கோபுரத்தில் வேறொரு பெண் இருக்கிறாள். ஓடெட் இன்னமும் தங்கை முற்றத்து டிரெய்லரில்தான் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போகிறார். அது நன்றாக இருக்கிறது.